பொம்பிளை இல்லாத கோட்

1.

இந்தக் கதை எனக்குக் கற்பிட்டி இறங்குதுறையில் கிடைத்தது. உண்மையில் கிடைத்தது கதை அல்ல, ஓர் ஆள். கருநீலக் கோட், வெள்ளைச் சேட், டை. முழங்கால் வரை சுருட்டிய கழுசான். ஒரு கையில் சப்பாத்துச் சோடி. உச்சமுனைத் தீவுப் பக்கமிருந்து வந்த படகிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, பட்டத்து இளவரசன் மாதிரி நிமிர்ந்தபடி கரையேறினார். அதைப் பார்த்து நான் எழுந்து நின்றேன் என்று எழுதினால் மிகை. (நின்றேன். இருக்கட்டும்.)

பிறகு ஒரு முச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2.

முதல் தொடக்கம்: "வெற்றி பெற விரும்பும் ஆண்மகன் முதலில் தன் தோள்களை—"

வேண்டாம். கைப்பேசியில் ஓடும் அறிவுரைக் காணொளி போலிருக்கிறது.

இரண்டாவது: "சோளகக் காற்று டையைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தபோது—"

இதிலும் ஆள் தெரியவில்லை, காற்றுத்தான் தெரிகிறது. ஆகவே ஆளிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் டிலக்சன். (இறங்குதுறையில் அவர், கதைக்குள் வந்ததும் அவன். மன்னிக்கவும்.)

3.

டிலக்சன் கற்பிட்டிக் கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். படகு தள்ளுவது, வெள்ளைக்காரர்களின் கடற்சறுக்குப் பலகைகளைத் தூக்குவது. எப்போதும் அரைக் காற்சட்டை, ஈரப் பனியன். அவனுக்கு அங்கே பெயரில்லை. "பெடியன், இங்க வா" என்பார்கள். அந்த ஹோட்டலில் இப்போது வரவேற்பு மேற்பார்வையாளர் இடம் காலி. மூன்று மொழியும் சரளமாகப் பேசுகிற டிலக்சனும் விண்ணப்பித்தான். "சரி, நேர்முகத்துக்கு வா, பாப்பம்" என்று முகாமையாளர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் டிலக்சனைத் தூங்கவிடவில்லை. பழைய கோலத்தில் போனால் வாயைத் திறக்குமுன்பே "அந்தப் பலகைய உள்ள வை" என்றுவிடுவார்கள். கதவைத் திறக்கிற அந்தக் கணத்தில் அவர்களுக்குத் தன்னை அடையாளம் தெரியக்கூடாது. அதற்கு ஒரு கோட் வேண்டும்.

அவன் ஊரான உச்சமுனையில் கோட் என்றால் ஒன்றுதான். றொபின்சன் மாமாவுக்கு அவருடைய தம்பி இத்தாலியிலிருந்து அனுப்பியது. தீவில் யார் கலியாணம் கட்டினாலும் அதைத்தான் போடுவார்கள். மெலிந்த மாப்பிள்ளை என்றால் முதுகுப்பக்கம் ஊசி குத்துவார்கள். பருத்தவர் என்றால் பொத்தான் பூட்டாமல் விடுவார்கள். மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் இருக்கும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்தக் கோட்டைத் தேடி உச்சமுனைக்குப் போய்விடாதீர்கள். அதை அலுமாரிக்குள் வைத்தது நான்.)

"ஆர்ரா பொம்பிளை?" என்றார் றொபின்சன்.

"கலியாணம் இல்ல மாமா. வேலைக்கு."

"வேலைக்குக் கோட்டோ? என்ன, கோட்டுப் போட்டுக்கொண்டு வலை இழுக்கப்போறியோ?"

"பகிடி விடாதீங்க மாமா. அந்த மனேஜர் என்னை ஒருக்காவாவது ஒரு ஆளாப் பாக்கவேணும்."

றொபின்சனின் சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். "போட்டுப் பார்."

தோள் முடிகிற இடத்தில் தோள்தையல் வந்து நின்றது. பொத்தான் பூட்டியபோது இடுப்பில் ஒரு சுருக்கமும் விழவில்லை. சேட்டின் கை, கோட்டுக்கு வெளியே அளவாக எட்டிப் பார்த்தது. எந்த மாப்பிள்ளைக்கும் சரிவராத கோட், கலியாணமே இல்லாதவனுக்கு வெட்டித் தைத்தது போலிருந்தது.

(எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. உடனே சந்தேகமும் வந்தது: இவ்வளவு வசதியாகப் பொருந்தலாமா? கையைக் கொஞ்சம் நீளமாக்கினேன். மனம் கேட்கவில்லை. திரும்பவும் சரியாக்கிவிட்டேன்.)

4.

மாலை எழுத்து வகுப்பில் பக்கத்திலிருக்கும் அலீமாவிடம் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"கோட் போட்டா வேலை குடுப்பாங்களா? அப்ப எங்க வாப்பாட உடுப்புக் கடை வாசல்ல நிக்கிற பொம்மைக்கு எப்பவோ மனேஜர் வேலை கிடைச்சிருக்கணுமே!"

"உடுப்பு வேலை தராதுதான். ஆனா..."

"ஆனா என்ன? சொல்லுங்களன்."

வகுப்பு முடிந்து பஸ் ஏறினேன். எனக்கு நல்ல பதில்கள் பஸ்ஸில்தான் வரும். கோட் அவர்களுக்காக இல்லை, அலீமா, அவன் முதுகுக்காக. முதுகு நிமிர்ந்தால் குரலும் நிமிரும். (இது உண்மையா, அல்லது கேட்க நன்றாக இருக்கிறதா? இன்னும் தெரியாது.)

5.

நேர்முகத்தன்று காலை. இங்கே எனக்கு மூச்சு வாங்குகிறது, வேகமாக எழுதுகிறேன்.

காணொளிகளில் பார்த்த எல்லாவற்றையும் டிலக்சன் செய்தான். கோட்டின் கீழ்ப்பொத்தானைப் பூட்டவில்லை. டையின் நுனி இடுப்புப்பட்டியைத் தொட்டது. பட்டியும் சப்பாத்தும் ஒரே நிறம். கடைசி விதி: தலை குனியாதே, நாடியை நிமிர்த்தியே வை. ஆங்கில விடைகளை முணுமுணுத்தபடி படகுக்கு நடந்தான். றொபின்சனின் மனைவி றோசமேரி மாமி பின்னாலேயே வந்து கோட்டின் கழுத்தைச் சரிசெய்தார். மாமியின் கை பழக்கமான கை. அந்தக் கோட் எத்தனை தடவை அந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டதோ, அத்தனை தடவையும் மாமி செய்த ஒன்றை அன்றும் செய்தார். டிலக்சன் பார்க்கவில்லை. அவன் நாடி வானத்தைப் பார்த்திருந்தது.

களப்பில் எதிர்ப்பட்ட படகுகளிலிருந்து விசில் பறந்தது. கோட்டின் சக்தி என்று நினைத்தான். இறங்குதுறையில் ஃபைஸலின் முச்சக்கர வண்டி நின்றது.

"வாங்க மாப்பிள்ள! பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"சேர்ச்சுக்குத்தானே?"

"இல்ல, ஹோட்டலுக்கு."

"ஓ, எல்லாம் ஹோட்டல்லயேவா! பெரிய இடம்தான். ஏறுங்க, ஏறுங்க!"

ஃபைஸல் வழி முழுக்க ஹோன் அடித்துக்கொண்டே போனான். தெருவில் நின்றவர்கள் கையசைத்தார்கள். டிலக்சனும் கையசைத்தான். ஒரு கோட் இவ்வளவு செய்யுமா! அவனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஹோட்டல் வாசலில் இறங்கிக் கழுசானை இறக்கிவிட்டு, நாடியைத் தாழ்த்தாமலே ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டினான்.

"பூ சரிஞ்சிருக்கு மாப்பிள்ள, நிமித்திக்கங்க" என்றான் ஃபைஸல்.

"என்ன பூ?"

அன்று முதன்முதலாக டிலக்சன் குனிந்து பார்த்தான். நெஞ்சில், மாப்பிள்ளைமார் குத்துகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பூ. அதிலிருந்து தொங்கும் வெள்ளி நாடா.

6.

ஊசி கழலவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்த ஊசி. மாமி அதைத் துணிக்குள் வளைத்து இறுக்கியிருந்தார். இழுத்தால் கோட் கிழியும், அது தீவின் கோட். உள்ளேயிருந்து "மிஸ்டர் டிலக்சன்" என்று கூப்பிடுகிறார்கள். மிஸ்டர்!

முடிவு அ. பூவைப் பிய்க்கிறான், துணியும் சேர்ந்து கிழிகிறது. தேசிய கீதத்துக்கு நிற்பவன் போல நெஞ்சில் கைவைத்தபடி உள்ளே—

முடிவு ஆ. பூவோடு போகிறான். முகாமையாளர் எழுந்து கைகொடுத்து வாழ்த்துகிறார், கேக் வருகிறது, வேலையும் கிடைக்கிறது, தேனிலவுக்கு லீவும் கிடைக்கிறது. அலீமாவுக்கு இதுதான் பிடித்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு சிரிப்புக்குத் தப்பத்தானே கோட் போட்டான். இன்னொரு சிரிப்பை நான் எப்படிப் பரிசாகக் கொடுப்பது?

முடிவு இ. கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து, சேட்டும் டையுமாகப் போகிறான். அழகான முடிவு. என்றாலும் இவ்வளவு தூரம் நிமிர்ந்து வந்தவன் தோளிலிருந்து அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

7.

இறங்குதுறையில் நான் கண்டவரின் நெஞ்சில் பூ இருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே, வாசகரே, இது உங்கள் பொறுப்பு.

கதவு திறக்கிறது. மேசைக்கு அந்தப்பக்கம், முகாமையாளரின் இடத்தில் இருப்பது நீங்கள்தான். பூ இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா, கோட் தோளிலா கையிலா, எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். அவன் குனியவில்லை. நேராக உங்கள் கண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்கிறான். குரல் நடுங்கவில்லை. உங்கள் உதட்டோரம் ஏதோ அசைகிறது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவன் காத்திருக்கிறான்.

உங்கள் முன்னாலுள்ள கதிரை காலியாக இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அவன் உட்காரமாட்டான்.

சொல்லுங்கள்.