திருப்பிச் சொன்னதெல்லாம் சரி

விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் கண்ட்ரோலர்மேல் தப்பே இல்லை என்று விசாரணைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. ஆபீஸில் எல்லாரும் கை குலுக்கினார்கள். குலுக்கமாட்டார்களா பின்னே, செத்தது அவர்கள் வீட்டு ஆளா?

செத்தவர் ஒரு பல் டாக்டர். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்தார். வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட லைசென்ஸ் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கண்ட்ரோலர் அன்றைக்கு ரேடியோவில் சொன்னது இவ்வளவுதான்: "வணக்கம் டாக்டர். ஆறாயிரம் அடியிலேயே இருங்க. பத்து நிமிஷத்துல நாலாயிரம் எதிர்பாருங்க." அதாவது, நானே கூப்பிட்டு இறங்கச் சொல்வேன், அதுவரை அசையாதே. கேட்டதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. டாக்டர் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொன்னார், 'வணக்கம் டாக்டர்' உட்பட!

கண்ட்ரோலருக்குச் சுருக்கென்றது. புரிந்தவன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான். புரியாதவன்தான் எல்லாவற்றையும் கிளிப்பிள்ளையாக ஒப்பிப்பான். இருபது வருஷ அனுபவத்துக்கு இதுகூடத் தெரியாதா? "நான் சொல்லாம இறங்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கலாம். போன மாதம் இன்னொரு புது ஆளிடம் அப்படிக் கேட்டு, "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நமக்கேன் வம்பு என்று "சரி" சொல்லிவிட்டு அடுத்த விமானத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

பத்தாவது நிமிஷம் டாக்டர் தானாகவே இறங்கினார். கீழே மலை. திரையில் உயரம் குறைவதைப் பார்த்துக் கண்ட்ரோலர் கத்தியபோது பதில் சொல்ல ஆளில்லை.

இப்போது டாக்டரின் மனைவி கண்ட்ரோலருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் மேலதிகாரி, கையில் குழுவின் அறிக்கை.

"எல்லாம் பதிவாகியிருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் சரியாத்தான் திருப்பிச் சொல்லியிருக்கார்," என்றார் மேலதிகாரி.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ட்ரோலரிடம் கேட்டாள்.

"சார், வீட்ல நான் பேசுறதையும் வரிக்கு வரி திருப்பிச் சொல்வாரு. அடுப்பை அணைங்கன்னா 'அடுப்பை அணைங்க'ம்பாரு, அணைக்கமாட்டாரு. மண்டையில ஏறலைன்னு குரலைக் கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்குத் தெரியலையா?"

மேலதிகாரி மேஜைக்கடியில் கண்ட்ரோலரின் காலை மிதித்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரிஞ்சுதும்மா."

"யோவ், உனக்கென்ன பைத்தியமா?" என்று மேலதிகாரி எழுந்தேவிட்டார்.

அவள் அழவில்லை. "தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு..."

"கோவிச்சுக்கட்டுமே சார்," என்றாள் அவள். "கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பாரே."