கோகிலாவின் அளவுத்தாள்

மலாய் நாட்டுக் காஜா பேராங் ஊரில் சாரதாம்பாளிடம் தையல் கற்க வருகிறவளால் அவ்வளவு சுலபத்தில் கத்தரிக்கோலைத் தொட முடியாது. முதலில் கந்தல் துணியில் ஓரம் அடிக்க வேண்டும். பிறகு கொக்கி, பித்தானுக்குக் காஜா. வெட்டுவதெல்லாம் கை படிந்த பிறகுதான். எதிர்வீட்டில் கோகிலா வகுப்புத் தொடங்கும்வரை இதில் யாருக்கும் குறை தெரியவில்லை.

கோகிலா முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவாள். உடம்புக்கு ஓர் அளவுத்தாள் வெட்டிக்கொண்டால் போதும்; அதில் கழுத்தை இறக்கினால் ஒரு ரவிக்கை, கையை நீட்டினால் இன்னொன்று, கீழே இழுத்துவிட்டால் கவுன். மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் நெருங்க நெருங்க, புதுத்துணி ஆசையில் பெண்கள் ஒவ்வொருத்தியாக ரோட்டைக் கடந்தார்கள். சாரதாம்பாள் ஜன்னலில் நின்று, எதிர்வாசலில் குவிந்த செருப்புகளைப் பார்த்தபடியே காப்பியை ஆறவிட்டாள். எவ்வளவு சர்க்கரை போட்டும் கசந்தது.

மிஞ்சியவள் ருக்மணி ஒருத்தி. அவளும் வாயைத் திறந்துவிட்டாள்.

“அக்கா, மெர்டேக்காவுக்கு ரவிக்கை வேணும். எப்பக்கா வெட்டச் சொல்லித் தருவீங்க?”

“தீபாவளி போகட்டும்.”

“சீதா நேத்துதான் அங்க போனா. இன்னிக்கு வெட்டிட்டா லா!”

“வெட்டுவா, வெட்டுவா. ஊசில நூல் கோக்கச் சொல்லு பாப்போம்!”

ருக்மணியும் போய்விட்டால் வகுப்பே இல்லை. அன்றே சாரதாம்பாள் சீதாவைப் பாசார் சந்தையில் மடக்கி, எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, அவளுடைய அளவுத்தாளை இரவல் வாங்கினாள். சீதாவும் ருக்மணியும் ஒரே உடல்வாகு.

மறுநாள் ருக்மணியின் பட்டுத்துணியில் தாளை வைத்து, விளிம்போடு விளிம்பாக வெட்டித் தள்ளினாள். துணியிலேயே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிப் பழகியவள் அவள். அந்தக் கோட்டுக்குள் தையலுக்கான துணியும் அடங்கியிருக்கும். தாளும் அப்படித்தான் என்று நினைத்தாள்.

தைத்துப் போட்டுப் பார்த்தால், கொக்கி வளையத்தை எட்டவில்லை.

“மூச்ச உள்ள இழுடி.”

“இழுத்துட்டேன்கா. இன்னும் இழுத்தா வயிறு முதுகுல ஒட்டிக்கும்.” ருக்மணி மேசையைப் பார்த்தாள். “இது கோகிலாக்கா தாளா? சுத்தி ஒரு விரக்கடை விட்டுல்ல வெட்டணும்? சீதா சொன்னாளே.”

“அத முன்னயே சொல்றதுக்கென்ன?”

“நீங்கதான் தலை நிமிராம ஓரம் அடிக்கச் சொன்னீங்க.”

ருக்மணி மீதித் துணியில் பட்டை கத்தரித்து, அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் ஒட்டுப் போட்டாள். சாரதாம்பாள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் இருந்த இடமே தெரியவில்லை. எதிர்வீட்டில் இப்படி ஒரு கை கிடையாது. கட்டிப்போட்டால் இந்தக் கையும் கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கேதான் போகும்.

“காலைல அங்க போய் வெட்டப் படி. சாயங்காலம் இங்க வந்து தை.”

“நெசமாவாக்கா?”

“அவ சொல்றத ஒண்ணு விடாம எங்கிட்ட வந்து சொல்லணும். அப்புறம், இந்த ரவிக்கையையே போட்டுட்டுப் போ.”

“சரிக்கா.”

“ஒட்டு எங்கன்னு தேடட்டும்; அவ பக்கத்துல வரும்போது கைய நல்லாத் தூக்கு!”