சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழம்பு

1995ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து, பிள்ளையார்பாளையத்தில் கமலவேணி சமைத்த கத்தரிக்காயின் ருசி பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டில் கங்கையம்மாள் சமைத்த அவரைக்காயின் ருசி கமலவேணி வீட்டில் இருந்தது. தட்டில் கிடப்பது கண்ணுக்கும் கைக்கும் கத்தரிக்காய்தான். வாயில் வைத்தால் அவரைக்காய். அந்த வருஷம் கத்தரிக்காய் கிலோ நாலு ரூபாய், அவரை ஆறு.

கங்கையம்மாள் வேறு யாருமில்லை, கமலவேணியின் ஓரகத்திதான். அண்ணன் வேலாயுதத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள், தம்பி உமாபதிக்கு இவள். அதுவரை ஒரே வீடு, ஒரே அடுப்பு. கமலவேணியின் மகள் கீர்த்திக்கு முதல் வாய்ச் சோறு ஊட்டியதே பெரியம்மா கைதான். சண்டை எதற்கு வந்தது என்று கேட்டால் இரண்டு பேரும் இரண்டு காரணம் சொல்வார்கள், இரண்டும் உண்மை. அம்மி ஒருத்திக்கு, குழவி ஒருத்திக்கு என்று பிரித்துக்கொள்ளும் அளவுக்கு அது முற்றியது. சமையலறை நடுவில் கொத்தனார் செங்கல் அடுக்கிய அன்று அடுப்பில் பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பச்சை மொச்சையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் பருப்பில் வைக்கிற தை மாதக் குழம்பு அது; நாலு கை பிதுக்கினால்தான் ஒரு சட்டி தேறும். தறியைப் பிரித்தார்கள், அண்டாவைப் பிரித்தார்கள், அந்தக் குழம்பைப் பிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டி கங்கையம்மாள் பக்கமும் கரண்டி கமலவேணி பக்கமும் நின்றுபோயின. அன்றைய சாப்பாட்டிலிருந்தே ருசி இடம் மாறிவிட்டது.

எல்லாக் காயும் சுவரைத் தாண்டவில்லை. ஊர்க் காய், அதுவும் அதனதன் பருவத்தில் பறித்தது மட்டுமே தாண்டியது: தையில் மொச்சை, பங்குனியில் முருங்கை, சித்திரையில் பாலாற்று மணலில் காய்த்த வெள்ளரி. வருஷம் முழுக்க லாரியில் வருகிற கேரட்டும் பீன்ஸும் கோஸும் சமைத்த வீட்டிலேயே கிடந்தன. தாண்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று தள்ளுவண்டியில் காய் விற்ற சிட்டிபாபு கேட்டார். விஷயம் பிடிபட்ட பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்பார்களா? கங்கையம்மாள் ஒரு மாதம் பாகற்காயாகவே வைத்தாள். கமலவேணி சுண்டைக்காயால் பதில் சொன்னாள். அண்ணனும் தம்பியும் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கிவிட்டு அவரவர் தறிக்குழியில் இறங்கினார்கள். கடைசியில் கசப்புத் தாங்காமல் இரண்டு வீடும் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் மாறின. வாயைக் கட்டியாவது வீறாப்பைக் காப்பாற்ற வேண்டுமே. இப்படியே பன்னிரண்டு தை போயிற்று. மொச்சைக் காலத்தில் சிட்டிபாபு அந்த இரண்டு வாசலிலும் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

2007 தையில் கீர்த்தி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். வாயில் எது வைத்தாலும் இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளை எடை கூடவில்லை, இப்படியே போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என்னதான் வேண்டும் என்று கமலவேணி கெஞ்சிக் கேட்டதற்கு, சின்ன வயதில் தின்ற பிதுக்கம்பருப்புக் குழம்பு வேண்டும் என்றாள் மகள். கமலவேணி சிட்டிபாபுவை ஓடிப்போய் நிறுத்தி மொச்சை வாங்கினாள். பாதியைத் தனியாகப் பிதுக்கிக் குழம்பு வைத்தாள். கீர்த்தி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். வெறும் சூடுதான் தெரிகிறது என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் பொரியல் தின்றுகொண்டிருந்த வேலாயுதம் மட்டும் தட்டை வழித்து நக்கினாராம்.

மறுநாள் கமலவேணி ஊறவைத்த மீதி மொச்சையைக் குண்டானில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறினாள். பன்னிரண்டு வருஷமாக மிதிக்காத படி. மகளை நினைத்துக்கொண்டு ஏறினாள்.

"கீர்த்திக்குச் சோறு எறங்கலக்கா. உங்க வீட்ல பிதுக்கி வெச்சாத்தான் அவ வாய்க்கு வரும்."

கங்கையம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குண்டானில் கைவிட்டு மொச்சையை அளைந்தாள்.

"நேத்து வெச்சது நீதானா? உப்பு ஒரு கல்லு தூக்கல்." ஒரு மொச்சையை எடுத்துப் பிதுக்கியபடி, "இம்மாத்தையும் ஒண்டியா எப்படிப் பிதுக்கறது? உக்காரு," என்றாள்.

கமலவேணி உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே பிதுக்கினாள். பாதிக் குண்டான் தீர்ந்த பிறகு கங்கையம்மாள் கேட்டாள்.

"எனக்கு இன்னா வெப்ப?"

பிஞ்சுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, நிறைய எண்ணெய் விட்டு வதக்குகிறேன் என்று கமலவேணி சொன்னாள்.

அன்று மத்தியானம் கீர்த்தி கத்தரிக்காயைப் பிசைந்து பிதுக்கம்பருப்பாகத் தின்றாள். இன்னும் போடும்மா என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் கங்கையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, செங்கல்லில் காதை வைத்து, பிள்ளை மறுபடி மறுபடி சோறு கேட்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கீர்த்தியின் ஏப்பம் கேட்ட பிறகுதான் தன் தட்டில் பிதுக்கம்பருப்பைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் சாப்பிட்டாள்.

பங்குனியில் ஆண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோவுக்கு மேல். சுவரை இடித்துவிடலாமா என்று உமாபதி கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். இப்போது சிட்டிபாபுவின் வண்டி வந்ததும் அக்காவுக்குப் பிடித்த காயைக் கமலவேணி வாங்குகிறாள், அக்கா இவளுக்குப் பிடித்ததை வாங்குகிறாள். அந்த இரண்டு வீட்டுக்கும் வருகிற விருந்தாளிகள், உப்புப் போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.