கழித்து வைத்த சத்தம்

சோபா வாசற்படியில் சிக்கிக்கொண்டது.

"சாய்ச்சுத் தூக்குங்க," என்றாள் அத்தை. "இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே வாசல் வழியாத்தான் உள்ள வந்துச்சு. வந்த வழியாப் போகாதா?"

முத்தாலே ஒரு முனையைப் பிடித்திருந்தாள். சாவு வீட்டின் முன்னறையில் நாற்காலி, மேசை எதுவும் இருக்கக் கூடாது. பெண்கள் பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள், ஆண்கள் வெளியே மாமரத்தடியில் கரி அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். அம்மா நேற்று விடியலில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். நாளை காலை அடக்கம். கிட்வே நகரின் இந்தச் சுரங்கக் குடியிருப்பில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பானா முத்தாலே, முத்தாலேயின் அம்மா.

சோபா வெளியே வந்ததும் ஜெரே அதில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

"இது இனிமே என்னோடது. பெம்பாக்காரங்களுக்கு சோபா எதுக்கு? குரங்கு திங்கிறவங்களுக்கு மரக்கிளை போதும்."

"எலி திங்கிறவன் வளையில போய்ப் படு," என்றாள் அத்தை. அழுது வீங்கிய முகத்தோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெரே பக்கத்து வீட்டுக்காரர், ங்கோனி இனத்தவர்; இவர்கள் பெம்பா இனம். அவருடைய பாட்டன்மாரும் இவர்களுடைய பாட்டன்மாரும் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். அதனால் இப்போது ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் வந்து கேலி பேச வேண்டும். பேசாவிட்டால்தான் குறை. குழி வெட்டுவதற்கும் அவரே முன்னால் நிற்பார்.

அவர் எழுந்து அம்மாவின் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். இடுப்பில் ஒரு கையை வைத்து, வலது காலை லேசாக இழுத்து நடந்தார். பிறகு கீச்சுக் குரலில், "யாரு என் சட்டி மூடியைத் திறந்தது? திறந்த கையை வந்து காட்டு," என்றார்.

பாயில் இருந்த பெண்கள் அழுகையை விட்டுச் சிரித்தார்கள். "அவளேதான்," என்றாள் ஒருத்தி. "அச்சு அசல்."

முத்தாலேயும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். நடை சரி, இடுப்பில் கை சரி. குரல் இப்படித்தானா?

மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தபோது அம்மாவின் பேச்சு போய்விட்டது. அதன்பின் கையைப் பிடிப்பாள், கண்ணால் கேட்பாள், அவ்வளவுதான். முத்தாலேயின் போனில் இருக்கும் படங்களெல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை. முந்தைய போனை லுசாகா பஸ்ஸில் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் அந்தக் குரலை நினைத்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். அம்மா சொன்ன வார்த்தைகள் வந்தன. குரல் வரவில்லை. வார்த்தைகளெல்லாம் முத்தாலேயின் சொந்தக் குரலிலேயே கேட்டன.

கண்ணாடி அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து ஒரு கேசட் விழுந்தது. தூசியைத் துடைத்தாள். மேலே அம்மாவின் கோணல் எழுத்து: 'மும்பி, சமையலறை.'

அதை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.

மும்பி இப்போது வானொலியிலும் விளம்பரப் பலகைகளிலும் இருப்பவள். அன்று பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த, மெலிந்த பெண். அவளுடைய அறையில் எதிரொலி இல்லை என்று கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவாள். "நீ பாடு, நான் சமைக்கிறேன். ரெண்டும் நிக்கக் கூடாது," என்பாள் அம்மா. முத்தாலேவுக்கு அப்போது ஒன்பது வயது. மேசையடியில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போடுவாள்.

மதியம் ஒரு புதிய பெண் வந்தாள். ஜீன்ஸோடு வாசலில் தயங்கி நின்றவளை அத்தை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னுடைய சித்தெங்கே துணி ஒன்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டிவிட்டு, "இப்ப உள்ள வா," என்றாள். அந்தப் பெண் பாயில் உட்கார்ந்து அழுதவர்களோடு சேர்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு கொல்லைக்குப் போய் இரண்டு மணி நேரம் முட்டைக்கோஸ் நறுக்கினாள். அதற்குப் பிறகுதான் முத்தாலேயிடம் வந்தாள்.

"அக்கா, என் பேரு ல்வீண்டோ. சோமாவிலேர்ந்து வரேன். அங்க மருந்துக்கடையில வேலை." கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள். "மும்பி தன் இணையப் பக்கத்துல எழுதியிருந்தாங்க, 'என்னைப் பாட விட்ட சமையலறைக்காரி போயிட்டாங்க'ன்னு. அந்தச் சமையலறையை ஒரு தடவை பாக்கலாமா?"

சமையலறையில் கபெம்ப்வே குழாயடியில் குனிந்திருந்தார். சுரங்கத்தில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாளைக்கு நூறு பேர் வருவாங்க. இது எத்தனை வருஷமாச் சொட்டுதும்மா? வீட்டுக்குப் போய் வாஷர் எடுத்துட்டு வரேன்," என்று முழங்காலைப் பிடித்தபடி எழுந்து போனார். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ல்வீண்டோ நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதேதான்," என்றாள் மெதுவாக. "வெளியே வராத பாட்டுன்னு பதினேழு எங்க ரசிகர் குழுப் பட்டியல்ல இருக்கு. நாலுதான் கேட்டிருக்கோம். இங்க பாடினதுதான் முதல் பாட்டு. அவங்க பழைய கிட்டார்காரர்கிட்டேர்ந்து ஒரு நகல் வந்துச்சு. நகலோட நகல்."

முத்தாலே அவள் பக்கம் நெருங்கினாள். "அதுல வேற யாராவது பேசறாங்களா?"

"ஆமாக்கா." அவள் முகம் மலர்ந்தது. "ஒரு அம்மா நடுநடுவுல பேசிட்டே இருந்தாங்க. சட்டி மூடி, கோழி, தண்ணி சொட்டு எல்லாம் இருந்துச்சு. மூணு வாரம் உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். சொட்டுதான் ரொம்பப் படுத்திருச்சு. இப்ப பாட்டு மட்டும் சுத்தமா…"

நிறுத்தினாள். முத்தாலேயைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"எடுக்காதது இருக்கா?" என்று கேட்டாள் முத்தாலே.

"என் லேப்டாப் போன மழைக்காலத்துல நனைஞ்சு போச்சுக்கா."

"மத்தவங்ககிட்ட?"

ல்வீண்டோ தரையைப் பார்த்தாள். "நான்தான் எல்லார்கிட்டயும் பழசை அழிக்கச் சொன்னேன். மட்டமான நகல் சுத்தக் கூடாதுன்னு. எங்க குழுவுல அது ஒரு விதி."

முத்தாலே இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தாள். அதன் மேலிருந்த எழுத்தைப் படித்ததும் ல்வீண்டோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தொடலாமா என்பதுபோல நீட்டினாள்.

கேசட் போட அந்தத் தெருவில் இருந்தது ஜெரேயின் பழைய கார் மட்டும்தான். மூவரும் ஏறினார்கள், ஜெரே முன்னால், இரு பெண்களும் பின்னால்.

"சத்தம் வரலேன்னா எங்க காரைக் குத்தம் சொல்லாதீங்க," என்றபடி கேசட்டை உள்ளே தள்ளினார்.

இரைச்சல் வந்தது. முத்தாலே முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வானொலிச் சாமியார் ஒருவர் மூக்கால் பேசத் தொடங்கினார். செபமாலை. அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே. ஓட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மரியே.

"உங்கம்மா பாட்டு மேலேயே செபமாலையைப் பதிஞ்சுட்டா," என்றார் ஜெரே. "பாட்டுக்காரியை மாதாகிட்ட ஒப்படைச்சுட்டா. இதுக்குத்தான் பெம்பாக்காரங்க கையில பொருளைக் குடுக்கக் கூடாதுங்கறது."

யாரும் சிரிக்கவில்லை. ல்வீண்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செபமாலை தன்பாட்டுக்கு ஓடியது. முத்தாலே அதையும் காது கொடுத்துக் கேட்டாள், எங்காவது ஒரு இருமலாவது இருக்குமா என்று.

"அக்கா," என்றாள் ல்வீண்டோ, திரும்பாமலே. "கழிச்சதை எடுத்து வைப்போம்."

"என்னது?"

"சத்தத்தை எடுக்கறப்ப, எடுத்ததைத் தனியா ஒரு ஃபைலாப் போடுவோம். பாட்டோட துணுக்கு ஏதாவது தப்பி அதோட போயிடுச்சான்னு பாக்க. அதை லிவிங்ஸ்டன்ல ஒரு பொண்ணுக்கு அனுப்பினேன். அவ காது நல்ல காது." போனை எடுத்துவிட்டாள். விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. ஒரு வருடத்துப் பேச்சு, வாழ்த்துகள், சண்டைகள், மும்பியின் படங்கள். "அவ அழிக்காம இருந்தா…"

முத்தாலேவுக்கு வேலை தாதுச் சோதனைக் கூடத்தில். கரைத்து வடித்தபின் தாளில் தங்குவதையும் எடை போட்டுக் குறித்துவைக்க வேண்டும். அதை எந்த மடையனும் தூக்கிப் போடமாட்டான் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வாள்.

"இருக்கு." ல்வீண்டோ போனை அவள் பக்கம் நீட்டினாள். "பேரைப் பாத்துத் தப்பா நினைக்காதீங்க."

'குப்பை 14' என்று இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி முத்தாலேயின் காதில் தானே வைத்துவிட்டாள். ஜெரே செபமாலையை நிறுத்தினார்.

முதலில் சொட்டு. ஒன்று, இடைவெளி, ஒன்று. மூடி ஒன்று சட்டிமேல் உட்கார்ந்தது. எங்கோ கோழி. அதன்பிறகு பாட்டு இருந்திருக்க வேண்டிய இடம். வெட்டி எடுத்ததுபோல் ஒன்றுமில்லாத மௌனம். அதற்குள் சொட்டு மட்டும்.

"முத்தாலே, நோட்டை ஈரத்துல வைக்காதே."

மெல்லிய குரல். கீச்சுக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு தீர்ந்து இறங்குவது. மறுபடி மௌனம், சொட்டு, எண்ணெய் பொரிவது.

"நல்லாத்தான் பாடற, மும்பி. கொஞ்சம் தள்ளி நின்னு பாடு. தெறிக்கும்."

மூன்று நிமிடம் நாற்பது வினாடி. முடிந்ததும் முத்தாலே மறுபடி அமுக்கினாள். மூன்றாம் முறை முடிந்தபோது ஜெரே பின்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தாள்.

அவர் தலையில் இன்னும் அம்மாவின் துணி இருந்தது. அதன்மேல் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்தபின் முத்தாலேயின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கேலிக்காரர் கேலியைச் சொல்லியாக வேண்டும். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, அவள் மடியில் வைத்தார்.

"எனக்கு அனுப்பு," என்றாள் முத்தாலே ல்வீண்டோவிடம். "இப்பவே. நான் பாத்துட்டே இருக்கேன்."

அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததை இருவரும் பார்த்தார்கள்.

"அந்தக் கேசட்டோட இன்னொரு பக்கத்தை நான் கேக்கலாமா, அக்கா?"

"முழுசும் கேளு."

முத்தாலே இறங்கி நடந்தாள். பின்னால் காரிலிருந்து மறுபடி அருள் நிறைந்த மரியே கேட்டது. கொல்லையில் ன்ஷிமா மாவுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. "எங்க போயிட்ட? கருவாடு பத்தாது போல," என்றாள் அத்தை.

சமையலறையில் கபெம்ப்வே முழங்காலிட்டு, குழாயின் கழுத்தில் ரெஞ்சை மாட்டியிருந்தார். பக்கத்தில் புது வாஷர்.

"ரெண்டே நிமிஷம்மா. நின்னுடும்."

"வேணாம், மாமா."

"என்ன வேணாம்?"

"இருக்கட்டும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அவர் அவளைப் பார்த்தார். ரெஞ்சைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

எப்போதும் குழாயடியில் இருக்கும் நீல எனாமல் குவளையை அவர் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். முத்தாலே அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். முதல் சொட்டு வெறும் குவளையில் விழுந்து கணீரென்றது. அடுத்ததற்காக நின்றாள்.