இழுத்துப் பிடித்த அளவு

“என்னங்க, நேத்து இருந்த அதே அளவா?”

“அதேதான். ஒரு நூல்கூட ஏறல. சிஸ்டர்கிட்ட சொல்லிடு.”

தையற்காரர் டேப்பைச் சட்டென்று கழுத்தில் போட்டுக்கொண்டார். கல்லீரல் கெட்டு அவர் வயிற்றில் நீர் கோத்திருந்தது. தினமும் காலையில் வயிற்றை அளந்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போனில் சொல்ல வேண்டும். அளவு ஏறினால் உடனே வந்து நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

டேப்பில் அளவு ஏறவில்லை. மூச்சு மட்டும் இறைத்தது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதென்று, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூங்கினார். மனைவி உப்பைக் குறைத்துச் சமைத்தாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தாள்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க. இப்போ அந்தப் பண்டம் நான்தான்” என்றார். சிரிக்கப் போய் மூச்சு முட்டியது.

“ஒரு நடை நேர்ல காட்டிட்டு வந்திடலாமே?”

“அங்க டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் கோட்டு தைக்கிறவன் நான். அவங்க முன்னாடி சட்டையக் கழட்டி, பானை வயித்தக் காட்டிட்டுப் படுக்கணுமா? டெய்லர் நல்லா ஊத்திக்கிட்டிருக்கான்னுதான் சொல்வாங்க.”

“நீங்கதான் அதத் தொட்டதே இல்லையே.”

“அத நெத்தியில எழுதி ஒட்டிக்கவா?”

அவள் துணி மடிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய பேண்ட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இது என்ன?”

“என்னது?”

“இடுப்புத் தையலப் பிரிச்சு, கோட்டுத் துணியில ஒட்டு வச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துலயே புதுசா இன்னொரு ஒட்டு.”

“தண்ணியில சுருங்கிடுச்சு.”

“எல்லாப் பேண்ட்டும் ஒண்ணாப் பேசி வச்சுக்கிட்டுச் சுருங்குச்சா? தையற்காரன் பொண்டாட்டிங்க நான். உங்க டேப்பு பொய் சொல்லும், பேண்ட்டு சொல்லுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வயித்த எக்கிப் பிடிச்சு, டேப்ப இறுக்கி இழுத்துத்தான் அளந்தேன். இப்போ… எக்கறதுக்கே மூச்சில்ல.”

அவள் திட்டவில்லை. போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அவர் கழுத்திலிருந்த டேப்பையே நர்ஸ் எடுத்து வயிற்றைச் சுற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கத்தில் மறுபடியும் எக்கப் பார்த்தார்.

“டெய்லரண்ணே, எனக்குக் கோட்டு அளவெடுத்தப்ப என்ன சொன்னீங்க?”

அவர் கண்ணைத் திறந்து நர்ஸைப் பார்த்தார்.

“‘மூச்ச விட்டு நில்லும்மா. இழுத்துப் பிடிச்சு நின்னா கோட்டு உனக்குச் சேராது’ன்னீங்களா, இல்லையா? இப்போ நீங்க விடுங்க.”

அவர் விட்டார். வயிறு டேப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. காது மடல்வரை கூசியது அவருக்கு.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, அடிவயிற்றின் ஓரத்தில் மெல்லிய குழாயைச் செருகினார். மஞ்சள் நீர் பைக்குள் இறங்கத் தொடங்கியது. வாசலில் யாரோ நடந்துபோகும் சத்தம்.

“அந்தப் பைய மூடிடு” என்றார் மனைவியிடம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

அவள் தோள் துண்டை எடுத்துப் பையின்மேல் போட்டாள். துண்டுக்கடியில் பை நிறைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் மூச்சு கீழே இறங்கி, நெஞ்சு முழுவதும் போய் வந்தது.

“இது மறுபடியும் கோக்குமாம். நாளைலேருந்து திரும்ப அளக்கணும்னு சொல்றாங்க” என்றாள்.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி, கட்டிலில் கிடந்த டேப்பை அவள் பக்கம் தள்ளினார்.

“நீயே அள.”