முதல் படத்தில் இருந்த தோட்டம்

நான் தோட்டக்காரன். புல் வெட்டுவது, வேலிச்செடியைக் கத்தரிப்பது, பட்டுப்போன மரத்தைச் சாய்ப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி. விளம்பரம் மட்டும் தெரியாது. தெரியாததில் தலையைக் கொடுக்காமல் இருக்கும் புத்தியும் இல்லை.

மூன்று மாதமாகப் புது ஆள் ஒருவரும் கூப்பிடவில்லை. என் மச்சினிதான் வழி சொன்னாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், கடைக்கு ஆன்லைனில் விளம்பரம் போடுவதும் அவள்தான்.

"மாமா, நோட்டீஸ் ஒட்டுற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. நம்மளைச் சுத்தி இருக்கறவங்க ஃபோன்ல மட்டும் வர்ற மாதிரி போட்டுத் தரேன். வேலைக்கு முன்னாடி ஒரு படம், வேலைக்கு அப்புறம் ஒரு படம். ரெண்டே ரெண்டு போதும்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஃபோன்ல நூறு படம் கிடக்கு, நீயே பார்த்து எடுத்துக்கோ" என்று இடது கையால் தள்ளிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த சோம்பேறித்தனங்களில் அதுதான் பெரியது.

இரண்டாவது படத்துக்குப் பல் டாக்டர் வீட்டுப் புல்தரையை எடுத்தாள். அதில் குறையில்லை. முதல் படத்துக்கு, பார்க்கவே காடாக இருக்கிற ஒன்றாகத் தேடி, சிஸ்டர் வீட்டுத் தோட்டத்தை எடுத்துவிட்டாள்.

சிஸ்டர் என்றால் ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னை நம்பி முதன்முதலில் வேலை கொடுத்தவர். "புல்லை வெட்டாதீங்க தம்பி, அதுபாட்டுக்கு வளரட்டும். குருவிங்க வரும்" என்றார். அதுபாட்டுக்கு வளர்வது போலத் தெரிய வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எந்தத் தண்டைக் காயவிட வேண்டும், எந்த விதை எங்கே விழ வேண்டும், ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு எங்கே வழிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் நின்று நின்று யோசித்துச் செய்த தோட்டம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அதனால்தான் மாதம் ஒரு படமாவது எடுத்து வைத்திருந்தேன்.

விளம்பரம் போன அன்றே பதினொரு பேர் கூப்பிட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல். அந்த விளம்பரத்தை நானே ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. நான்காம் நாள் சிஸ்டர் கூப்பிட்டார்.

"தம்பி, என் பொண்ணு ஒரு படம் அனுப்பியிருக்கா. அதுல பச்சை கேட்டு தெரியுது. நம்ம வீடுதானே?"

எனக்குப் புரியவில்லை. அவரே படித்துக் காட்டினார். "'உங்க தோட்டமும் இப்படியா கிடக்கு? வெட்கப்படாதீங்க, கூப்பிடுங்க.' இப்படித்தான் எழுதியிருக்கு."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பத்தே நிமிஷத்தில் மச்சினி விளம்பரத்தை நிறுத்திவிட்டாள். "எனக்கு எப்படி மாமா தெரியும்? காடு மாதிரி இருந்துச்சு" என்று அழுதாள். அவளைச் சொல்லி என்ன பயன்? ஆனால் படம் அதற்குள் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. "உள்ளே புலி இருக்கா, சிறுத்தை இருக்கா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, அதே குரூப்பில் போட்டேன்: "முதல் படத்தில் இருப்பது கடைசி வீட்டு நர்ஸ் அம்மாவின் தோட்டம். அது அழகான தோட்டம். தவறு எங்களுடையது. மன்னிக்கவும்."

அதுவரை அது யார் வீடு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். படம்கூட எடுத்தார்கள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி. இருந்திருக்கலாம்தான். குரூப்பில் போட்டதை அழித்துப் பார்த்தேன். படித்தவர்கள் மனதிலிருந்து எப்படி அழிப்பது?

அடுத்த வாரம் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். "வந்து வெட்டிடுங்க தம்பி. ரெண்டாவது படத்துல இருக்கே, அந்த மாதிரி."

ஓடினேன். வாசலிலேயே கெஞ்சினேன். "ஊர்வாய்க்குப் பயந்து இதை வெட்டலாமா சிஸ்டர்? ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நான் வெட்ட மாட்டேன்."

"நீங்க மாட்டேன்னா வேற ஆள் வருவாங்க. ஃபோன்ல பார்த்து ஒருத்தரைக் கேட்டுட்டேன். ஒரே நாள்ல மெஷினை விட்டு வழிச்சிடுவாராம். ரோஜா எங்க இருக்கு, கிழங்கு எங்க இருக்குன்னு அவருக்கு என்ன தெரியும்? அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"சிஸ்டர், இது உங்க தோட்டம். நீங்க ஆசைப்பட்டு வச்சது."

"ஊருக்காக இல்ல தம்பி. காலைல ஜன்னலைத் திறந்தா இத்தனை வருஷமா தோட்டம் தெரிஞ்சுது. இப்போ திறந்தா எனக்கே அந்த முதல் படம்தான் தெரியுது."

கண்ணைக் குத்திவிட்டு, நன்றாகப் பாருங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ரோஜாக்களையும் கிழங்கு இருந்த இடங்களையும் சுற்றிக் குச்சி நட்டு, அவற்றை மட்டும் காப்பாற்றினேன். மற்றதெல்லாம் சாய்ந்தது. புல்லுக்குள்ளிருந்து குருவிகள் கிளம்பிப் போய் மின்கம்பியில் உட்கார்ந்தன. ஒன்பது வருஷ வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

குப்பையை அள்ளும்போது பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"இப்பத்தாங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கு. நம்ம வீட்டுக்கும் வரணும். உங்க நம்பரைச் சொல்லுங்க."

சிஸ்டர் திறந்த ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். நான் நம்பரைச் சொன்னேன்.