மஞ்சள் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

சாம்சன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பைப் ஃபிட்டர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வருகிறவன். அவன் பொண்டாட்டி ஷைனியும் அங்கேதான், பேக்கிங்கில் வேலை. அவள் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே காஸ் லைன் போகிறது. அதில் ஒரு வால்வு மூன்று மாதமாகக் கசிகிறது. லைனை நிறுத்தினால்தான் மாற்ற முடியும். நிறுத்த மேனேஜர் பூவராகவனுக்கு மனசு வரவில்லை. சாம்சன் ரிஜிஸ்டரில் ஐந்து தடவை எழுதினான். ஐந்து தடவையும் பார்த்துக்கலாம்ப்பா என்றார்.

இந்த லட்சணத்தில் ரிசப்ஷனுக்கு ஓர் ஓவியம் வந்து இறங்கியது. வரைந்தவர் சென்னையில் பெரிய கையாம். ஆறடி அகலம். மரம் மட்டை, ஆடு மாடு ஒன்றும் கிடையாது. சாம்பல் பரப்பில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. வலது மூலையில் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் ஒரு சிவப்புக் கட்டம். மஞ்சளுக்குக் கீழே கறுப்பாய் ஒரு புள்ளி. அதைச் சுவரில் மாட்டுகிற வேலை சாம்சன் தலையில் விழுந்தது.

மாட்டி முடிக்கையில் முதலாளி வந்துவிட்டார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாத குறைக்கு, உனக்கு என்ன தோணுது என்று இவனையே கேட்டார். பைப்புக்கு அடிக்கிற பெயிண்ட்டை விட்டால் நிறத்துக்கு வேறு அர்த்தம் இவனுக்குத் தெரியாது.

"மஞ்சள்னா காஸ் லைன் சார். செவப்பு, நெருப்பணைக்கிற தண்ணி லைன். அது இன்னாத்துக்கு அந்த மூலைல போய்க் குந்தினு இருக்கு? பத்திக்கிச்சுன்னா எட்டாது. கீழ இருக்கிற புள்ளி ஒரு ஆளு. என் சம்சாரம்னே வெச்சுக்கங்க. அவ ஓடறதுக்கு வழியே வுடல சார்."

முதலாளி கண்கலங்கிவிட்டார். வரைந்தவரே இவ்வளவு சொல்லவில்லையாம். சாம்சன் சூட்டோடு சூடாக வால்வு கசிவதையும் சொன்னான். முதலாளி அதுவும் ஓவியத்தில் உள்ளதுதான் என்று எடுத்துக்கொண்டு, கசிவு, கசிவு என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் ஆர்டர் வந்தது. வால்வுக்கு இல்லை, சாம்சனுக்கு. இனிமேல் வருகிற விருந்தாளிகளுக்கு அவன்தான் ஓவியத்தை விளக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, புது ஷூ கொடுத்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்தார்கள், காலேஜ் வாத்தியார்கள் வந்தார்கள். வால்வு நம்பர் முதற்கொண்டு எல்லாரிடமும் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாசமாய்ப் போக, ஒருத்தராவது அந்தப் பேக்கிங் ஷெட் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஷைனி, வால்வைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா இல்லையா என்று பிடித்துக்கொண்டாள்.

"தெனம் சொல்லிக்கினுதான் இருக்கேன்," என்றான் சாம்சன். "கைதட்டிட்டுப் போறாங்க."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மணி அடித்ததும் துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேக்கிங் ஷெட்டுக்குப் போனாள்.